சுண்டல் கடைக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது ஒரு மன்றத்தில் இருப்பான். இலக்கிய மன்றம், சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ், இல்லையென்றால் இன்டராக்ட். 1962இல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் ரோட்டரி சேவைச் சங்கத்துக்காரர்கள் தொடங்கிய இந்த இன்டராக்ட், இன்று நம் ஊர்ப் பள்ளிகளிலும் இருக்கிறது. பெயர் எதுவானாலும், நூலகத்துக்கு ஒரு அலமாரி வாங்க வேண்டுமென்றால் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான்: ஆண்டு விழாவன்று ஸ்டால் போடுவார்கள். அதிலும் பெரும்பாலும் சுண்டல்.

சுண்டலையே எடுத்துக்கொள்வோம். ஐந்து கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வரும். தொன்னைக்கு நூறு கிராம் வைத்தால் நூறு தொன்னை. பத்து ரூபாய்க்கு விற்றால் ஆயிரம். பிள்ளைகள் உடனே நோட்டில் எழுதுவார்கள், லாபம் ஆயிரம் என்று. கடலையை ஒருத்தியின் அம்மா கொடுத்தார், தேங்காயை இன்னொருவன் தோப்பிலிருந்து கொண்டுவந்தான், கேஸ் வாத்தியார் வீட்டு சிலிண்டர். ஆயிரமும் லாபமாம்!

கடலை கிலோ நூறு என்று வையுங்கள், ஐந்நூறு ஆயிற்று. நாலு தேங்காய் நூற்றிருபது. எண்ணெய், கடுகு, மிளகாய் எண்பது. தொன்னை நூறு. கேஸ் நூறு. மொத்தம் தொள்ளாயிரம். மிச்சம் நூறு ரூபாய்! அந்தத் தொள்ளாயிரம் வியாபாரத்தில் வந்ததல்ல, பெற்றோரும் வாத்தியாரும் கொடுத்த நன்கொடை. நன்கொடை வாங்குவது தப்பில்லை. நன்கொடை என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு. அடுத்த ஆண்டு கடலை கொடுத்த அம்மா வெளியூர் போய்விட்டால், அதே பத்து ரூபாய் விலையில் ஆயிரம் ஐந்நூறாகிவிடும். அதனால் கணக்கு நோட்டில் 'வீட்டிலிருந்து வந்தது' என்று தனியாக ஒரு பத்தி கோடு போடுங்கள். எது வந்தது, கடையில் வாங்கினால் என்ன விலை, இரண்டும் அதில் ஏற வேண்டும். தாளிக்க வந்த கறிவேப்பிலை உட்பட. விலை பதினைந்தா இருபதா என்பது அதற்குப் பிறகு பேச வேண்டிய பேச்சு.

தேங்காய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காலையிலேயே மொத்தச் சுண்டலிலும் துருவலைக் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். இருபது இருபது தொன்னையாகத் தாளித்து, அந்தந்த ஈட்டுக்கு மட்டும் துருவல் போடுங்கள். பக்கத்தில் எலுமிச்சை ஜூஸ் விற்றால் ஐஸை விசாரித்து வாங்குங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் பார் குடிக்கிற தண்ணீரில் செய்ததல்ல. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கிறது. அதனால் சுண்டலுக்குத் தொன்னை, ஜூஸுக்கு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் கழுவவென்றே இரண்டு பேரை நிறுத்த வேண்டும்.

இனி காசு. கரண்டி பிடிக்கிற கை காசைத் தொடக்கூடாது. காசு வாங்க ஒரே ஒரு மேசை, அங்கே கூப்பன். கூப்பனில் எண் இருக்க வேண்டும், அடிக்கட்டை இருக்க வேண்டும், பள்ளி முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத வெள்ளைத்தாள் கூப்பனை ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்கு எடுத்துவிடலாம், பத்தாம் வகுப்புக்காரனுக்கு அது தெரியாதா என்ன? ஸ்டாலில் வாங்கியதும் பாதியாகக் கிழித்து டப்பாவில் போடுங்கள். கிழிக்காத கூப்பன் இன்னொரு முறை சுண்டல் வாங்க வரும். சாயங்காலம் அடிக்கட்டையை எண்ணி விலையால் பெருக்கினால் வருகிற தொகை பெட்டியில் இருக்க வேண்டும். காலையில் சில்லறைக்காகப் போட்ட ஐந்நூறை முதலில் எடுத்து ஒதுக்கிவிட்டு எண்ணுங்கள். பல பள்ளிகளில் 'கூடுதல் லாபம்' என்று கைதட்டு வாங்குவது இந்த ஐந்நூறுதான். ஜிபே வேண்டுமென்றால் பள்ளிக் கணக்கின் கியூஆர் அட்டை மட்டும். மாணவன் நம்பரும் வேண்டாம், ஆசிரியர் நம்பரும் வேண்டாம்.

நேரமாயிற்று என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். டிசம்பர் 7 கொடி நாள் வசூலைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: உண்டியலுக்கு அரக்கு முத்திரை, இரண்டு பேராகப் போவது, இருட்டுவதற்குள் திரும்புவது, தலைமையாசிரியர் முன்னிலையில் உடைத்து எண்ணுவது, மறு வேலை நாளிலேயே கட்டி ரசீது வாங்குவது. ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வணக்கம்.