ஊரைச் சுற்றிப் பார்ப்போம், கண்மாயிலிருந்து தொடங்குவோம்

(மதுரையில் நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய நூலகர் அவர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் என் செல்லப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மா காலையிலிருந்து வார்டு வார்டாகச் சுற்றிவிட்டு, ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். விழா முடியும்வரை இருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கே ஒரு கைதட்டல் கொடுக்க வேண்டும். வனத்துறை அலுவலர் தம்முடைய சொந்த இருநோக்கியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வெளியே புளியமரத்தில் இருந்த புள்ளி ஆந்தையைக் காட்டினார். அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று இரவு தூங்கமாட்டார்கள். நூலகருக்கு என் தனி நன்றி உண்டு. பறவைப் புத்தகங்களைப் பெரியவர்கள் அலமாரியிலிருந்து எடுத்து, எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையெட்டும் உயரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். இதைச் செய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை, இவருக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "நம்ம ஊரைச் சுற்றிப் பார்ப்போம்". இதில் மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். எங்கே போவது, எப்படிப் போவது, போய்வந்த பிறகு என்ன செய்வது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மதுரைக்காரர்கள் என்ன செய்கிறோம்? ஊட்டிக்கு அறை கிடைக்குமா, தேக்கடியில் படகுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று ஒரு மாதம் முன்பிருந்தே அலைகிறோம். தேக்கடியில் யானையைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், பாருங்கள். ஆனால் அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருப்பதைப் பார்க்காமலேயே நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடுகிறார்களே, அதுதான் என் வருத்தம்.

முதலில் அரிட்டாபட்டிக்கு வாருங்கள். மேலூர் வட்டத்தில், இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஏழு குன்றுகள், சுற்றிலும் கண்மாய்கள், சுனைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, ராஜாளிக் கழுகு மூன்றும் அந்தப் பாறைகளில் உண்டு. தேவாங்கு உண்டு, எறும்புதின்னி உண்டு, மலைப்பாம்பு உண்டு. வல்லூறு தலைகீழாகப் பாய்வதைப் பார்க்க வேண்டுமானால் பாறைக்கு எதிரே அசையாமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். புறாக்கூட்டம் திடீரென்று கலைந்து பறந்தால் உடனே மேலே பாருங்கள். அதே குன்றில் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் இருக்கிறது. வரலாறும் வல்லூறும் ஒரே பாறையில் இருக்கும் ஊரை விட்டுவிட்டு எங்கே போகிறோம் ஐயா நாம்?

மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரம், ஐயனார் கோயில், தாமரைக் குளம். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மலையேறும் அவசரத்தில் தாமரைக் குளத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நீர்க்கோழி தன் கறுப்புக் குஞ்சுகளோடு இலைகளுக்கு நடுவே போவதை அங்கேயே நின்று பார்க்கலாம். கிழக்கே ஆனைமலை. அதன் அடிவாரத்து நரசிங்கம் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு கி.பி. 770-ஐச் சேர்ந்தது. வடக்கே அழகர்மலை. குளிர்காலத்தில் அந்த அடிவாரத்து மர நிழலில் ஆறுமணிக் குருவியைத் தேடுங்கள். வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் பரவிக் கூடுகட்டும் பறவை அது. அக்டோபரில் நம் பக்கம் வந்து, சருகுக்கு நடுவே தத்தித் தத்திப் புழு தேடும். விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரண்டு சீழ்க்கை அடிக்கும். அந்த நேரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

கொஞ்சம் தள்ளிப் போக முடிந்தால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குப் போய்வாருங்கள். 1977-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூடக் கேட்பதில்லையாம். சட்டம் போட்டுச் செய்யவில்லை, தலைமுறை தலைமுறையாக அவர்களாகச் செய்கிறார்கள். அந்த ஊர் மக்களை இந்த மேடையிலிருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

இப்போது கண்மாய்க்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் நடந்தது. ஜனவரி மாதம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். விடியற்காலையில் புறப்பட்டாயிற்று. பாட்டு என்ன, கூத்து என்ன, பேருந்தே குலுங்குகிறது. ஊரைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரை ஓரமாகப் போகும்போது முன்பக்கம் புகை. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பக்கமாக வந்த பால்கார வண்டியில் ஏறி மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டார். ஒரு பெண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. "எங்கப்பா கடன் வாங்கிக் காசு கொடுத்தாரு சார்" என்கிறது. என்ன சொல்லித் தேற்றுவது? எல்லாரையும் இறக்கிக் கரைமேல் உட்கார வைத்தோம்.

அப்போது ஒரு பையன் எழுந்து, "சார், அந்தா பாருங்க, பாம்பு நீந்துது!" என்றான். அவ்வளவுதான், ஒரே கூச்சல். பாதிப் பேர் பேருந்துக்குள் ஓடிவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்காரும் பையன் ஒருவன் உண்டு. வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்வதைத் தவிர அவன் குரலை வகுப்பில் யாரும் கேட்டதில்லை. கண்மாய் மீன்பாசி, அதாவது மீன்பிடிக் குத்தகை, எடுக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவன் மெதுவாகச் சொன்னான்: "பாம்பில்லடா. பாம்புத்தாரா."

உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. சட்டென்று முங்கியது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கேயோ தள்ளி எழுந்தது, அலகில் ஒரு மீன் குத்துப்பட்டுத் துடிக்கிறது. "இப்பப் பாரு, மேல தூக்கிப் போடும்" என்றான் அந்தப் பையன். சொன்ன மாதிரியே கழுத்தை ஒரு வெட்டு வெட்டி மீனை மேலே எறிந்து, தலைப்பக்கமாகப் பிடித்து விழுங்கியது. அந்த மீன் கழுத்தில் வீங்கி வீங்கிக் கீழே இறங்குவது கரையிலிருந்தே தெரிந்தது. அதுவரை அழுதுகொண்டிருந்த பிள்ளை கைதட்டிச் சிரித்தது. பிறகு அந்தப் பறவை ஒரு பட்ட மரத்தில் ஏறி இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலில் காயப்போட்டது. "அது ஏன்டா அப்படி நிக்குது?" என்று வகுப்பில் முதலிடம் வாங்கும் பையன் கேட்கிறான், கடைசி வரிசைப் பையன் பதில் சொல்கிறான்: "வாத்துக்கு மாதிரி இதுக்குத் தண்ணி வழுக்கிப் போகாது. இறகு நனையும். நனைஞ்சாத்தான் முங்க முடியும்." விலங்கியல் படித்த எங்கள் ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார்.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அப்பத்தா வந்தார். பிள்ளைகள் அவரையும் விடவில்லை. "அப்பத்தா, அது என்ன?" "கூழைக்கடா சாமி. அது எறங்கிருச்சுன்னா கம்மாயில மீனு கெடக்குன்னு அர்த்தம்." "அது?" "அருவா மூக்கன்." "அந்தக் குட்டி?" "முக்குளிப்பான். நீ ஒரு கல்லத் தூக்கிப் பாரு, காணாமப் போயிரும். போட்டுறாத சாமி, சும்மா தூக்கு." ஒரு பிள்ளை நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தது. அதைப் பார்த்து எல்லாரும் எழுத ஆரம்பித்தார்கள். மெக்கானிக் வந்தார், வண்டி சரியாயிற்று, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார், ஒரு பிள்ளையும் ஏறவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் சார்!"

கொடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஒரே மூடுபனி. ஏரியும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் சுற்றுலாக் கட்டுரை எழுதச் சொன்னோம். தலைமையாசிரியர் நோட்டுகளை வாங்கிப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனீங்களா, கண்மாய்க்குக் கூட்டிப் போனீங்களா?" என்றார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தானாம்!

ஆனால் கரையில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. நோட்டில் தேதி எழுதியாயிற்று, பறவைகளின் பெயர் எழுதியாயிற்று. "சார், இந்தக் கண்மாய் பேரு என்ன சார்?" ஆசிரியர்கள் இருந்தோம், தினமும் அந்த வழியில் வண்டி ஓட்டும் ஓட்டுநர் இருந்தார், மெக்கானிக் இருந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்பத்தாதான் சொன்னார்: "நாங்க ஐயனார் கம்மாய்ம்போம். ஆபீசுல வேற பேரு இருக்கும்." சுற்றிப் பார்த்தேன். டீக்கடைக்குப் பலகை இருக்கிறது. பெட்ரோல் பங்குக்கு இருக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் வீட்டுமனை விற்கிறவர்கள் பத்தடி உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். இத்தனை ஊருக்குச் சோறு போட்ட கண்மாய்க்கு ஒரு பலகை இல்லை.

அன்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பெயர்ப்பலகை வேண்டும். ஆவணத்தில் உள்ள பெயர், ஊரார் சொல்லும் பெயர், புல எண், பரப்பு, எத்தனை மடை, நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும், என்னென்ன பறவை வரும். இவ்வளவும் இருக்க வேண்டும். பலகையோடு நான்கு பக்கமும் எல்லைக்கல் நட வேண்டும். ஆக்கிரமிப்பு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து ஓரத்தில் கொட்டுவார்கள். பிறகு ஒரு தகரக் கொட்டகை. பிறகு அதற்கு ஒரு மண்பாதை. வரத்துக்கால்வாய் அடைபடும், கண்மாய் வறளும், "இதில்தான் தண்ணியே இல்லையே" என்று பேச்சு வரும். எல்லை எங்கே என்று ஊருக்குத் தெரிந்திருந்தால் முதல் லாரியையே நிறுத்தியிருப்பார்கள்.

பெயர் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அரிட்டாபட்டியைக் காட்டுவேன். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. மேலூர் வட்டாரமே எழுந்தது. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மதுரை வரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மக்களின் போராட்டம்தான் அதைச் சாதித்தது, அதில் சந்தேகமே இல்லை. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு கையில் இருந்ததும் அவர்களுக்குப் பலமாக இருந்தது. அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லாத கண்மாய்களுக்கு யார் பேரணி போவார்கள்?

இந்தப் பெயர்ப்பலகையைக் கேட்டு நான் ஏறாத படி இல்லை. ஓர் அலுவலகத்தில் இது எங்கள் கண்மாய் இல்லை என்றார்கள், அடுத்த அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பொதுவான ஏற்பாடு. எது யாருடையது என்பதையும் பலகையிலேயே எழுதிவிட்டால் மக்கள் இப்படி அலைய வேண்டியதில்லை.

எப்படிப் போவது என்று சொல்வதாகச் சொன்னேன், நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். விடியுமுன் கரையில் இருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள், போனில் பறவைக் குரலைப் போட்டு ஏமாற்றி அழைக்காதீர்கள், குரங்குக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் பொங்கலையொட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதினால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டியூர் கண்மாய்க் கரையில் கூடுகிறோம். வனத்துறை அலுவலர் தாமே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த வாரம் தெற்கே சாமநத்தம் கண்மாய். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே இருக்கும். தண்ணீர்ப் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். நெய்க்கு அலைந்தது போதும், வெண்ணெய் கையில் இருக்கிறது.

மாவட்ட ஆட்சியருக்கான பெயர்ப்பலகை மனு வாசலில் நூலகர் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து தம்முடையது என்று மாமன்ற உறுப்பினர் அம்மா சொல்லிவிட்டார்கள். மனுவின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் காலியாக விடப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் தெரிந்தவர்கள் கையெழுத்தோடு அதையும் அங்கே எழுதுங்கள். தெரியாதவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்.

நன்றி. வணக்கம்.