எம்பயர் அரங்கம் மூடப்பட்டது இழப்பே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணித் தலைவர் வணக்கம் சொல்லி முடிக்கவே மூன்று நிமிடம் ஆயிற்று. அதில் இரண்டு நிமிடம் சிற்றுண்டிக் குழுவுக்குப் போனது. போண்டா எங்கள் அணிக்கும் வந்தது. இருந்தாலும் நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"நியூயார்க் நகரின் புரூக்ளினில் 1941 முதல் 2007 வரை இயங்கிய எம்பயர் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கம் மூடப்பட்டது இழப்பா, இயல்பா?" இதுதான் தலைப்பு. நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஓர் அரங்கத்துக்காக நாம் ஏன் சண்டை போட வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. ஐயா, நாம் கூடியதே சண்டை போடத்தான். காரண காரியமெல்லாம் நடுவர் பார்த்துக்கொள்வார்.

எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொன்னார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன், மறைக்கவில்லை. "காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த காசையும் கொடுத்து, வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த கூட்டம் அது. அந்தக் கூடத்தை மூடியதால் யார் குடி முழுகிப்போயிற்று?" என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கதை.

ஊர் லண்டன். இடம் சோஹோ பகுதியில் கார்லைல் மாளிகை. காலம் 1760கள். பாடகியாக இருந்த திருமதி கார்னெலிஸ் என்ற அம்மையார் அங்கே முகமூடி விருந்துகள் நடத்திவந்தார். பெரிய இடத்துக் கூட்டம். அப்படியொரு விருந்துக்கு ஜோசப் மெர்லின் என்று ஒருவர் வருகிறார். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஊய் என்ற ஊரில் பிறந்தவர். இசைக்கருவிகள் செய்வார், எந்திரப் பொம்மைகள் செய்வார், சும்மா மட்டும் இருக்கமாட்டார். எல்லோரும் வாசல் வழியே நடந்து வரும்போது நாமும் நடந்தே வருவதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சிறு உலோகச் சக்கரங்களைக் காலணியின் அடியில் பொருத்திக்கொண்டார். அதுவும் போதாதென்று கையில் ஒரு வயலினை எடுத்துக்கொண்டார்.

வாசித்துக்கொண்டே உருண்டு வருகிறார். கூட்டம் விலகி வழிவிடுகிறது. பெண்கள் விசிறியை மடக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். வேகம் கூடுகிறது. மெர்லினுக்கு வயலின் வாசிக்கத் தெரியும், சக்கரம் செய்யத் தெரியும். திரும்பவும் நிற்கவும் மட்டும் தெரியாது! எதிரே ஐந்நூறு பவுனுக்கு மேல் விலைபோகும் ஒரு நிலைக்கண்ணாடி. போய் மோதினார். கண்ணாடி சுக்குநூறு, வயலின் துண்டு துண்டு, ஆளுக்குப் பலத்த காயம்.

நடுவர் சிரித்துவிட்டார். அவருக்காக இன்னொரு முறை சொல்கிறேன், இந்த முறை கண்ணாடியின் பக்கம் நின்று பாருங்கள். மெர்லின் வாசித்துக்கொண்டே வருகிறார். எதிரே இன்னொருவன், அதே கோட்டு, அதே வயலின், அதே வேகத்தில் வருகிறான். "ஐயா, விலகுங்கள்" என்கிறார் இவர். அவனும் வாயை அசைக்கிறானே தவிர விலகக் காணோம். உலக வரலாற்றில் தன்னைத்தானே எதிர்கொண்டு தோற்ற முதல் ஸ்கேட்டர் அவர்தான். இந்தக் கடைசிப் பகுதி என் சொந்தச் சரக்கு. கண்ணாடியும் காயமும் நூல்களில் உள்ள செய்தி.

மூன்றாம் முறையும் சொல்வேன், ஆனால் நடுவர் கை மணியை நோக்கிப் போகிறது.

இந்தக் கதையில் சக்கரம் இருந்தது, இசை இருந்தது, வேடிக்கை பார்க்கக் கூட்டமும் இருந்தது. எது இல்லை? உருளுவதற்கென்று ஓர் இடம் இல்லை. நூறு ஆண்டு கழித்து, 1863இல், ஜேம்ஸ் பிளிம்டன் என்ற நியூயார்க்காரர் உடம்பைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்பும் நான்கு சக்கர ஸ்கேட்டைச் செய்தார். செய்தவர் அதோடு நிற்கவில்லை. 1866இல் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட்டில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தையே ஸ்கேட்டிங் தளமாக்கினார். சாப்பாட்டு மேசையை நகர்த்தி இடம் பிடிக்கும் அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, ஸ்கேட்டைவிடத் தளம் முக்கியம் என்று. எதிரணிக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன். "புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தவர்கள்." எதிரணித் தலைவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் நடந்து லட்சக்கணக்கானோர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். அவர்களிடம் போய், "எங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள் ஐயா. கேட்டுவிட்டு நீங்கள் வீடு போய்ச் சேர்ந்தால் சரி. நாம் வலம் வருகிறோம், ஸ்கேட்டிங் அரங்கத்தில் வழக்கமாக இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

சரி, நேர்கோட்டில் போனால்தான் போய்ச் சேர்ந்ததாக ஒப்புக்கொள்வேன் என்கிறாரா? அதற்கும் ஆள் இருக்கிறது. லெட்ஜர் ஸ்மித். சிகாகோக்காரர், கறுப்பினத்தவர், வயது இருபத்தேழு. 'ரோலர் மேன்' என்பது அவருடைய பட்டப்பெயர். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் பேரணிக்கு மக்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்தார்கள். ஸ்மித் சிகாகோவிலிருந்து ஸ்கேட்டில் வந்தார். 685 மைல், பத்து நாள். மார்பின் குறுக்கே 'விடுதலை' என்று எழுதிய பட்டை. இந்தியானாவில் ஒருவன் காரை அவர்மேல் ஏற்றப் பார்த்தானாம். உடல் எடையில் பத்து பவுண்டு குறைந்து, கால் கடுக்க வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். எதிரணித் தலைவர் இன்று பக்கத்து ஊரான எடிசனிலிருந்து காரில் வந்தும் இருபது நிமிடம் தாமதம். யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற கணக்கை இத்தோடு விட்டுவிடுவோமா?

ஸ்மித் ஏன் ஸ்கேட்டில் வந்தார்? கறுப்பின மக்களுக்கு ஸ்கேட்டிங் தளத்தில் கால் வைப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. சிகாகோவில் 'வெள்ளை நகரம்' என்று பொருள்படும் ஒயிட் சிட்டி என்ற ஸ்கேட்டிங் அரங்கம் இருந்தது. பெயருக்கு ஏற்ற நிர்வாகம், கறுப்பர்களை உள்ளே விடவில்லை. 1946இல் வாசலில் மறியல் செய்துதான் அந்தக் கதவைத் திறக்கவைத்தார்கள். மறியல் செய்து உள்ளே போன இடத்தை, "பொழுதுபோக்குக் கூடம், வரும், போகும்" என்று சொல்ல எதிரணிக்கு எப்படி மனம் வந்தது?

எம்பயருக்கு வருகிறேன். நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் தெரிகிறது. டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி ஆடிய எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்துக்குப் பக்கத்தில், கார் நிறுத்தும் கூடமாக இருந்த கட்டடத்தில் 1941இல் தொடங்கிய அரங்கம் அது. வழுவழுப்பான மேப்பிள் மரத் தரை. ஆர்கன் இசைக்குத்தான் அங்கே சுற்றிக்கொண்டிருந்தார்கள். 1957இல் விமானப்படையில் இருந்த பில் பட்லர் என்ற டெட்ராயிட் இளைஞர் கையில் ஜாஸ் இசைத்தட்டோடு உள்ளே வந்து, இதைப் போடுங்கள் என்றார். போட்டார்கள். முழங்காலை மடக்கி, உடம்பைத் தாளத்துக்குள் இறக்கி அவர் ஆடிய ஆட்டம் அந்தத் தளத்தின் ஆட்டமாகவே ஆகிவிட்டது. இருபது ஆண்டு கழித்து உலகம் ரோலர் டிஸ்கோ என்று கூத்தாடியதே, அதன் பிறப்பிடம் எது என்று கேட்டால் எம்பயரைத்தான் கைகாட்டுவார்கள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், "டாட்ஜர்ஸ் அணியே புரூக்ளினை விட்டுப் போயிற்று, ஊர் என்ன செத்தா போயிற்று?" என்றார். அந்த அணி கடைசியாக அங்கே ஆடியதும் அதே 1957இல்தான். 1960இல் மைதானத்தை இடித்தபோது, இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் போலவே வெள்ளையடித்துத் தையல் கோடு வரைந்திருந்தார்கள். என்ன நகைச்சுவை உணர்வு! பந்து போன தெருவில் ஸ்கேட் மட்டும் இன்னும் நாற்பத்தேழு ஆண்டு உருண்டது. 2007 மார்ச்சில் மன்ஹாட்டனில் ராக்ஸி என்ற இரவு நடன விடுதி மூடியது, அங்கே நடந்த ஸ்கேட்டிங் இரவுகளும் அதோடு முடிந்தன. அடுத்த மாதமே எம்பயரும் மூடியது. கட்டடம் கைமாறியது.

இப்போது அந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? வீட்டில் இடமில்லாத சாமான்களை மாத வாடகைக்குப் போட்டுவைக்கும் கிடங்கு. பட்லர் ஆடிய இடத்தில் யாரோ ஒருவரின் உடைந்த சோபா நிற்கிறது. அது நகராது, விழாது, யாரையும் காதலிக்காது, மாதா மாதம் வாடகை மட்டும் கட்டும். இதை இயல்பு என்கிறார்கள். என் வீட்டுக் கிடங்கு வாடகை எவ்வளவு என்று என் மனைவி முன்வரிசையில் இருக்கும்போது சொல்ல முடியாது.

நடுவர் அவர்களே, இனி வாதம் இல்லை. சென்ட்ரல் பார்க்கில் கோடைகால வார இறுதிகளில் ஸ்கேட்டர்கள் வட்டம் கட்டி ஆடுவார்கள். பார்க்கப் போயிருந்தேன். தலை முழுதும் நரைத்த ஒரு கறுப்பினப் பெரியவர் ஸ்கேட்டின் கயிற்றைக் கொக்கி கொக்கியாக இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் அவர் மனைவி. பேச்சுக் கொடுத்தேன். இருவரும் எம்பயரில்தான் பார்த்துக்கொண்டார்களாம். விளக்கைக் குறைத்து, "அடுத்த சுற்று ஜோடிகளுக்கு மட்டும்" என்று அறிவிப்பார்களாம். இவர் கையை நீட்டினாராம். அந்த அம்மையார் மூன்று வாரம் யோசித்தாராம். "மூன்று வாரமா?" என்று கேட்டேன். "அவர் ஸ்கேட்டிங் அப்போது அவ்வளவு மோசம்" என்றார் அம்மையார்.

நீங்கள் ஆடவில்லையா அம்மா என்று கேட்டேன். குனிந்து தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். "இந்தத் தார்த்தரை என் முழங்காலுக்கு ஒத்துவராது. எம்பயர் தரை மரம். நாம் விழுந்தால் அதுவும் கொஞ்சம் கீழே போய் நம்மை வாங்கிக்கொள்ளும்" என்றார். பிறகு கணவரின் சாதாரணக் காலணி இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூங்காவில் காலணி களவு போகிறதாம். பாட்டு ஆரம்பித்தது. ஜோடிப் பாட்டுதான். பெரியவர் தனியாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் பெஞ்சுக்கு நேரே வரும்போது ஒரு கையை நீட்டிக்கொண்டே போனார்.

அந்த அம்மையார் இருபதுகளில் ஆடியவர், அறுபதிலும் ஆடியிருப்பார். மரத் தரை இருந்திருந்தால் இன்றும் ஆடுவார். இதற்குப் புள்ளிவிவரம் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை. மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன்.

எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வாக்கியத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டாம். வரும் சனிக்கிழமை என் காரிலேயே அழைத்துப் போகிறேன், ஆற்றைத் தாண்டும் சுங்கக் கட்டணமும் என்னுடையது. அந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் குடி முழுகிப்போயிற்று அம்மா?" என்று நீங்களே கேளுங்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன். நன்றி, வணக்கம்.