ஒடம்பு தள்ளல

நேயர்களுக்கு வணக்கம். பாபநாசம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கம் வயதானவர்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, ஒடம்புதான் தள்ளல" என்பார்கள். அந்த 'ஒண்ணுமில்ல'யைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெரியம்மா. குறுவை, சம்பா, தாளடி என்று ஆயுசு முழுக்க நடவு நட்டவர். ஒருநாள் நான் போனபோது திண்ணையில் இருந்தார். எழுந்திருக்கத் தூணைப் பிடித்தார். ஒரு தடவை எம்பி, முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மறுபடி எம்பி நின்றதும் கண்ணை மூடிக்கொண்டார். "கிறுகிறுங்குதும்மா, செத்த நின்னா சரியாப்போயிரும்" என்றார். கை வளையல் முழங்கைப் பக்கம் ஏறிக் கிடந்தது. ராத்திரி கொல்லைக்குப் போகப் பயந்து, பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எப்போதும் உட்காரவைத்தே பார்த்திருக்கிறோம், நான் உட்பட. அன்று நிற்கவைத்தும் பார்த்தேன். உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 புள்ளிக்கும் அதிகமாகக் குறைந்திருந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் மாத்திரை அளவை மாற்றினார். தலை சுற்றுகிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.

தள்ளாமை என்றால் வெறும் வயது அல்ல. காரணமில்லாமல் எடை குறைவது, சதா களைப்பு, கைப்பிடி தளர்வது, நடை மந்தமாவது, நடமாட்டம் சுருங்குவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் பெருமளவு மீட்கலாம். பல் போனதால் கஞ்சியும் டீயில் நனைத்த ரஸ்க்குமாகவே நாளை ஓட்டுகிறவர்களுக்குத் தசை கரைகிறது. வேகவைத்த பயறு, முட்டை, முள் எடுத்த மீன் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை, பக்கத்தில் ஆள் நிற்க, தினமும் பழக்குங்கள்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தது. சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பஸ் நிறுத்தம் வரை நடக்க முடியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். இயன்முறை சிகிச்சையும், அதாவது பிசியோதெரபியும், அதில் உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். ஆனால் மாத்திரை வந்து சேர்ந்த அளவுக்கு, இவர் எப்படி எழுந்திருக்கிறார் என்று பார்க்கும் கண் இன்னும் வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

என் அம்மா விழுந்தபோது ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். செவிலியரான நானே மறுபேச்சுப் பேசாமல் திரும்பினேன். ஏன் விழுந்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பெரியம்மா வீட்டில் மகன் கொல்லைப் படியை உயரம் குறைத்துக் கட்டி, பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் குழாய் பதித்தார். ராத்திரி முழுக்க எரிய ஒரு சின்ன பல்பு. அடுத்த முறை நான் போனபோது பெரியம்மா குழாயைப் பிடித்துத் தானே இறங்கிக் காட்டினார். சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாராம்.

வணக்கம்.