கல்லுக்குச் சுவை உண்டா?

நேயர்களுக்கு வணக்கம்.

எரிமலைச் சரிவில் விளைந்த சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும், எரிமலையே அதில் இறங்கி வந்துவிட்டது என்றுதான் தொடங்குவார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். இத்தாலியின் சிசிலித் தீவில், எட்னா எரிமலையின் வடக்குச் சரிவில், ஒரு குடும்பம் தலைமுறைகளாக இயற்கை முறையில் நடத்திவரும் சிறிய திராட்சைத் தோட்டத்துக்குப் போன அன்றோடு என் பேச்சு மாறிப்போனது.

அந்த வீட்டு மூதாட்டி எனக்கு ஒயினை ஊற்றிவிட்டு, முற்றத்தில் கிடந்த உள்ளங்கை அளவு எரிமலைக்கல் ஒன்றை எடுத்துக் கழுவி, குவளைக்குப் பக்கத்தில் வைத்து, "முதலில் இதை நக்கிப் பாருங்கள்" என்றார். கன்னங்கரிய கல், உடலெங்கும் பொடிப்பொடியாய்த் துளைகள். நாக்கில் சொரசொரப்புத் தட்டியதே தவிர, சுவை என்று எதுவும் இல்லை. "இப்போது குடித்துவிட்டு, இதில் கல் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். அவருடைய மகன் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். மாலைவரை அந்தக் கல் மேசையிலேயே இருந்தது. நான்தான் அதைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

கல்லுக்குச் சுவை இல்லை. கொடியின் வேர் கல்லைக் குடிப்பதும் இல்லை. நீரில் கரைந்த உப்புகளை மிகச் சிறிய அளவில் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். மணமும் சுவையும் கொடிக்குள்ளும் பழத்துக்குள்ளும் உருவாகின்றன. மீதி நொதிக்கும்போது பிறக்கிறது. அப்படியானால் எரிமலை மண்ணுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் அது வேறு வேலை.

மணலாய் உதிரும் அந்தக் கருமண்ணில் மழைநீர் தேங்குவதில்லை. வேர் ஈரத்தைத் தேடி ஆழம் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களைச் சூறையாடிய ஃபைலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி மணலில் பரவத் திணறும். அதனால்தான், ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டுக்கட்டப்பட்டு நிற்க, எட்னாவில் ஆங்காங்கே நூறாண்டு கடந்த கொடிகள் இன்னும் சொந்த வேரில் காய்க்கின்றன. இத்துடன் உயரமும் சேர்கிறது. கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டர் மேலே வரையிலும் தோட்டங்கள் உண்டு. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வருவதால், தாமதமாகப் பழுக்கும் நெரெல்லோ மஸ்காலேசே திராட்சை அக்டோபர் வரை தன் புளிப்பை விடாமல் வைத்திருக்கிறது. 1968இல் எட்னா ஒயினுக்குப் பிறப்பிடத் தகுதி கிடைத்தது; அதாவது, அந்த இடத்தில் விதிப்படி செய்த ஒயின்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதன் சிவப்பு ஒயினில் இந்த ரகம் குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும். நிறம் வெளிறியது என்பதால் சாதுவான ஒயின் என்று நினைத்துவிடாதீர்கள். அதிக நேரம் ஊறிவிட்ட தேநீரைப் போல் நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு அதற்கு உண்டு.

கல்லுக்குச் சுவை இல்லை என்றேன். ஆனால் கல்லுக்கு எடை உண்டு. சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய கரிய சுவர்கள்தான் அந்தப் படிக்கட்டு நிலங்களைத் தாங்கி நிற்கின்றன. மழையில் ஓரிடம் சரிந்தாலும் குடும்பத்தார்தாம் இறங்கி மீண்டும் அடுக்க வேண்டும். தனித்தனிப் புதராக நிற்கும் பழங்கொடிகளுக்கிடையே டிராக்டர் நுழையாது, மண்வெட்டிதான். எரிமலையும் சும்மா இருப்பதில்லை: 1981இல் ரந்தாட்சோ நகரத்தருகே இறங்கிய தீக்குழம்பு திராட்சைத் தோட்டங்களை மூடிவிட்டது. குழம்பு உறைந்த பாறை மீண்டும் விளைநிலமாக எத்தனையோ தலைமுறை பிடிக்கும்.

இயற்கை வேளாண்மையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாயிற்று என்று கைகாட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இயற்கை முறை என்றால் எதுவுமே தெளிக்காமல் விடுவது என்று பொருளன்று. பூஞ்சைக்குக் கந்தகமும் செம்பும் அங்கும் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, செம்பு ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவைத் தாண்டக்கூடாது. சர்க்கரை எஞ்சாத சிவப்பு ஒயினில், அது கெடாமல் காக்கும் சல்பைட்டு, பொதுவாக லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும் இடத்தில், இயற்கை வேளாண்மை ஒயினுக்கு 100 மட்டுமே. பீப்பாயில் முதிர்வதைப் பற்றிச் சொல்ல இனி நேரமில்லை.

நன்றி, வணக்கம்.