நாலாவது சீட்டு

நடுவர் அவர்களே, ரெண்டு அணித் தோழர்களே, ஞாயித்துக்கிழமைத் தூக்கத்தை விட்டுட்டு மும்பை மாட்டுங்காவுக்கு வந்திருக்கற சொந்தங்களே, வணக்கம். ‘மறுவுலகக் கற்பனையில் மனசைத் தொடுவது சொர்க்கமா, நரகமா?’ நான் நரகத்துக்குப் பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனாரு? “தங்கச்சி நரகத்தைப் பத்திப் படிக்கவே வேண்டாம், தினமும் விரார் ஃபாஸ்ட் ரயில் கூட்டத்துலதானே வருது”ன்னாரு. கைதட்டினீங்க. நல்லாவே தட்டினீங்க!

இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்துக்குப் போட்ட ஒன்பது வட்டம், அடிவட்டத்துல நெருப்பு இல்ல, உறைபனி. கருடபுராணத்துக் கும்பீபாகம், எல்லாம் எழுதிட்டு வந்தேன். மடிச்சு வச்சுட்டேன். அண்ணன் ரயிலைக் கிளப்பிட்டாரு, ஏறிடுவோம்.

அண்ணே, லேடீஸ் பெட்டிக்கு வாங்க. வேண்டாம், போலீஸ் பிடிச்சிரும், கேட்டுக்கோங்க. மூணு பேர் சீட்டு. நாலாவதா ஒருத்தி வந்து நிப்பா. வாயைத் திறக்க மாட்டா, விரலை மட்டும் ஈ ஓட்டற மாதிரி ஆட்டுவா. அதுக்கு இந்தியில அர்த்தம், “தோடா கிஸ்கோ!”, கொஞ்சம் தள்ளிக்கோங்க! ஜன்னலோரத்துக்காரி மூச்சை உள்ள இழுப்பா. நடுவுல இருக்கறவ பையைத் தூக்கி மடியில வைப்பா. மூணாவது ஆளு முக்கால் ஆளாயிடுவா. நாலாவது ஆளு உட்காருவா. எப்படி? அரை டிக்கெட்டு உட்கார்ந்து வரும், அரை டிக்கெட்டு நின்னுக்கிட்டே வரும்! பின்வரிசைக்குக் கேக்கலையாம், இன்னொரு தடவை: அரை டிக்கெட்டு உட்கார்ந்து, அரை டிக்கெட்டு நின்னுக்கிட்டு!

இப்ப சொர்க்கம். மகாபாரதத்துக் கடைசிப் பருவம், தருமர் உள்ள நுழையறாரு. ஆசனத்துல ஜம்முனு யாரு? துரியோதனன்! ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன்னவன். அவன்கிட்ட போய் “தோடா கிஸ்கோ” சொல்லிப் பாருங்களேன்!

தம்பிமாரும் திரௌபதியும் எங்க? நரகத்துல. போறாரு. இருட்டு, நாத்தம். திரும்பலாம்னு கால் எடுக்கறப்போ குரல் கேக்குது: கொஞ்சம் நில்லுங்க, உங்க மேல பட்டு வர்ற காத்து எங்களுக்கு இதமா இருக்கு. நின்னுட்டாரு. “இங்கயே இருக்கேன், நீ போ”ன்னு கூட வந்த தேவதூதனை அனுப்பிட்டாரு. அது இந்திரன் காட்டின மாயைன்னு அண்ணன் எழுந்திருக்கறாரு. உட்காருங்கண்ணே. நரகம் மாயையா இருக்கட்டும், அவர் நின்னது?

எங்க அப்பா பரேல்ல ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, அம்மா தினமும் ரசஞ்சோறு எடுத்துட்டு போரிவிலியிலேருந்து போவாங்க. இந்தி வராது. ஒருநாள் சாயங்காலம் டிபனைத் திறக்காமலே திருப்பி எடுத்துட்டு வந்தாங்க. தாதர்ல ஏறி, கம்பியைப் பிடிச்சுட்டு நின்னுட்டே அழுதிருக்காங்க. பட்டாணி உரிச்சுட்டு வந்த ஒரு மராட்டிக்காரம்மா, பேரு தெரியாது, இழுத்துப் பக்கத்துல உட்கார வச்சாங்க. கையைப் பிடிச்சாங்க, விடல. அந்தம்மா இறங்கற அந்தேரி வந்துச்சு. அவங்க எழுந்தா உட்காரலாம்னு சீட்டுச் சொல்லி வச்சிருந்த பொண்ணு காத்துட்டு நின்னுச்சு. அந்தம்மா எழுந்திருக்கல. போரிவிலி வரைக்கும் வந்தாங்க.

மணி அடிச்சுட்டீங்களா நடுவரே? முடிச்சுக்கறேன். அம்மா மூணாவது வரிசையிலதான் இருக்காங்க. பக்கத்துல ஒரு தம்பி நிக்குது பாருங்கம்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க.