18 ஷில்லிங்

நேயர்களுக்கு வணக்கம். ஐம்பது வயதில் இவளுக்கு என்ன குதிரைக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். பெறாமகளுக்குப் பிறந்தநாள். கொழும்பு விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் துழாவியபோது ‘பிளாக் பியூட்டி’ அகப்பட்டது. அட்டை கொஞ்சம் கிழிசல், விலை மலிவு. சின்ன வயதில் நான் வாசிக்காத புத்தகம். கொடுக்க முதல் ஒருக்கால் புரட்டுவோம் என்று எடுத்தேன். பெறாமகளுக்குக் கடைசியில் வேறு பரிசுதான் போனது.

குதிரையே தன் கதையைச் சொல்கிறது. எழுதியவர் அன்னா சூவெல் என்ற ஆங்கிலப் பெண்மணி. 14 வயதில் விழுந்து கணுக்காலில் அடிபட்டதிலிருந்து ஒழுங்காக நடக்க முடியாதவர். வெளியே போவதென்றால் குதிரை வண்டிதான். நோயில் படுத்தபடி எழுதிய இந்த ஒரே நாவல் 1877 கடைசியில் வந்தது. அடுத்த வருடமே காலமானார். பிள்ளைகளுக்கென்று அவர் இதை எழுதவில்லை. குதிரை பராமரிப்பவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதினார்.

அதனால்தானோ என்னவோ, புத்தகம் முழுக்கத் தொழில் பேச்சு. பெரிய வீட்டு வண்டிக் குதிரைகளின் தலை எந்நேரமும் நிமிர்ந்தே நிற்க ஒரு வாரால் இழுத்துக் கட்டுவார்களாம். பார்க்க எடுப்பு. ஆனால் தலையைத் தாழ்த்தாமல் மேட்டில் பாரம் இழுக்க முடியுமா? புறக்கோட்டையில் கைவண்டி தள்ளும் நாட்டாமிமாரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முகம் தரையைப் பார்க்கக் குனிந்தால்தான் வண்டி அசையும்.

சின்னப் பிள்ளையாக வாசித்திருந்தால் ஜிஞ்சர் என்ற குதிரைக்காக அழுதிருப்பேன். இப்போது என்னைப் பிடித்து நிறுத்தியவன் சாம் என்ற லண்டன் வண்டிக்காரன். குதிரையை விரட்டி அடிக்கிறான். எனக்கும் முதலில் அவன்மேல் கோபம்தான். அப்புறம் கணக்குச் சொல்கிறான். வண்டியும் இரண்டு குதிரையும் வாடகைக்கு எடுத்தால், சீசனில் நாளொன்றுக்கு 18 ஷில்லிங். அது சேரும்வரை தனக்கென்று ஒரு பென்னிகூட இல்லை. பெண்சாதி பிள்ளைக்குப் பிறகுதானே குதிரை என்கிறான். கொஞ்சம் தள்ளிச் செத்தும் போகிறான், ஒரு ஞாயிறுகூட ஓய்வு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே ஒருநாள் வெள்ளவத்தையில் ஓட்டோ ஏறினேன்.

“உங்கட ஓட்டோவா தம்பி?”

“இல்லை அக்கா, நாள் வாடகைக்கு.”

“ஞாயிறும் ஓடுவீங்களா?”

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஞாயிறுதானே அக்கா ஹயர் கூட.”