பசி வருமுன்னம் கட்டின பார்சல்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, நவம்பர் 14 நீரிழிவு தினத்துக்காக இந்த மட்டக்களப்பு மண்டபத்தில் கூடியிருக்கிற சபையோரே, வணக்கம்.

‘சீனி வருத்தக்காரருக்கு மத்தியானம் உகந்தது வீட்டுப் பார்சலா, கடைச் சாப்பாடா?’ நான் வீட்டுப் பார்சல் பக்கம். எனக்கு முன்னம் பேசினவர், “இப்ப கடையிலயும் சிவப்பரிசிச் சோறு கிடைக்குதே” என்றார். சிவப்பரிசியில நார்ச்சத்து கூட, ஒத்துக்கொள்றன். ஆனா சிவப்பென்றாலும் சோறு சோறுதான் ஐயா! ஒரு கப் சோற்றில கிட்டத்தட்ட 45 கிராம் மாச்சத்து இருக்கு.

கடைப் பார்சலை ஒருக்கா விரிச்சுப் பாருங்க. சோறு குவிஞ்சு கிடக்கும். ஓரத்தில பருப்பு ஒரு கரண்டி, கத்தரிக்காய் இரண்டு துண்டு, கீரை என்ற பேரில ஒரு நுள்ளு. இன்னும் கொஞ்சம் மரக்கறி கேட்டா முதலாளிட முகம் மாறும். சோறு கேளுங்க, “போடவா கா?” என்று அள்ளிக் கொட்டுவார். சோறு சும்மா, கறிக்குத்தான் காசு! சீனி வருத்தக்காரர்ட கணக்கு நேர்மாறு: பாதி மரக்கறி, கால்வாசி மீனோ முட்டையோ கடலையோ, மிச்சக் கால்வாசிதான் சோறு. படுவான்கரையில வயல் வேலை செய்யிற மனிசன் சாப்பிடுற அளவை, கந்தோரில கதிரையில இருக்கிறவர் சாப்பிடலாமா?

வீட்டுப் பார்சலில நான் மெச்சுறது ருசியை இல்லை. அளவைக் காலையிலயே முடிவு பண்ணிப்போடலாம், அதைத்தான். பசி வந்தாப் பிறகு ஆர் கணக்குப் பார்க்கிறது? பெட்டியில முதல்ல பயிற்றங்காய்ப் பிரட்டலையும் முருங்கையிலைச் சுண்டலையும் வையுங்க. பிறகு சூடை மீன். கடைசியா மிஞ்சின மூலைக்குச் சோறு. சோற்றை முதல்ல போட்டா, அமத்தி அமத்தி இரண்டு பேர் சாப்பாட்டை ஒரு பெட்டிக்குள்ள அடக்கிப்போடுவம். அந்தத் திருவிளையாடல் எங்கட வீடுகளிலயும் நடக்குது, என்ட அணிக்காக அதை மறைக்க மாட்டன்.

“வீட்டுப் பார்சல் வெயிலுக்குப் பழுதாகும்” என்றும் எனக்கு முன்னம் பேசினவர் சொன்னார். தேங்காய்ப்பால் கறியையும் பச்சைத் தேங்காய்ச் சம்பலையும் காலையில கட்டினா, பழுதாகாம என்ன செய்யும்? புளி விட்டு வத்தவச்ச மீன்கறியைச் சோற்றோட கலக்காம வேறயாக் கட்டுங்க. “விடிய எழும்பிச் சமைக்கிற மனிசியைப் பாருங்க” என்றும் உருகினார். உருகினது காணும் தம்பி, இரவே நீங்களே பயிற்றங்காயை வெட்டி வையுங்க!

இனி நேரம். இன்சுலின் போடுறவரும், கிளிக்ளசைட் போன்ற சீனி குறைக்கிற குளிசை எடுக்கிறவரும் சாப்பாட்டைப் பிந்தவிட்டா, இரத்தத்தில சீனி 70 mg/dLக்குக் கீழ இறங்கலாம்; கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். கடையில கூட்டம் என்று இரண்டு மணி வரை நிக்கேலுமா? கையில பார்சல் இருந்தா பிரிச்சுச் சாப்பிட வேண்டியதுதான். அதோட பையில மூன்று தேக்கரண்டி சீனியும் ஒரு பொட்டலமா இருக்கட்டும். சிரிக்காதீங்க! இறங்கின நேரம் அதைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சு, 15 நிமிசத்தில திரும்பச் சோதிக்கச் சொல்லித்தான் வைத்தியர்மாரும் சொல்றாங்க.

அடுத்துப் பேச வாற எதிரணி நண்பர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: “உங்களுக்குச் சோறு கூடிப்போச்சு, கொஞ்சம் எடுக்கட்டா?” என்று கேட்ட கடைக்காரர் ஒருவரை இந்த ஊரில காட்டுவாரா?